காரை எலும்புவரை வந்த துடிப்பு

மூளைச்சாவை அறிவிக்க இந்தியச் சட்டம் மின்பதிவுக் கருவி எதையும் கட்டாயமாக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ், நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கிறது. வெளிச்சம் அடித்தால் கண் பாவை சுருங்குகிறதா, தொண்டையைத் தீண்டினால் குமட்டுகிறதா, வென்டிலேட்டரை விலக்கினால் தானாக மூச்சு வருகிறதா? இவையெல்லாம் மூளைத்தண்டிடம் கேட்கும் கேள்விகள். ஆனால் விபத்தில் முகம் நொறுங்கியவரின் கண்ணை எப்படிப் பார்ப்பது? நாட்பட்ட நுரையீரல் நோயாளியிடம் மூச்சுச் சோதனையை எவ்வளவு நம்புவது? நரம்பு மின்சோதனைகள் அங்கேதான் கைகொடுக்கின்றன.

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பலருக்கும் தெரிந்ததே. 1924இல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் தொடங்கிவைத்த பதிவு. 1968இல் மூளைச்சாவுக்கு வரையறை வகுத்த ஹார்வர்டு குழு தட்டையான ஈ.ஈ.ஜி.யை வலுவான துணைச்சான்றாக ஏற்றது. தட்டை என்றால், குறைந்தது 30 நிமிடப் பதிவில் 2 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் மூளை அலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கருவியை அவ்வளவு கூர்மையாக்கினால் இதயத் துடிப்பு, வென்டிலேட்டர் அதிர்வு, ஏன், சொட்டும் டிரிப்ஸ்கூட அலையாக வந்து விழும். டெக்னீஷியன் ஒவ்வொரு எலக்ட்ரோடையும் விரலால் தட்டிப் பார்ப்பார். தட்டியதும் திரையில் கோடு துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் கோளாறு ஒயரில்.

இத்தனை செய்தாலும் ஈ.ஈ.ஜி.க்கு எட்டுவது பெருமூளையின் மேற்பரப்பு மட்டுமே. பார்பிட்யூரேட் மருந்தாலும் உடல் கடுமையாகக் குளிர்ந்தாலும் உயிருள்ள மூளையின் பதிவும் தட்டையாகிவிடும்.

அதைவிட நேர்த்தியானது, என் பார்வையில், உணர்வு நரம்பைத் தூண்டிப் பார்க்கும் சோதனை. மணிக்கட்டில் சிறு மின்துடிப்பு கொடுப்பார்கள். கட்டைவிரல் வெடுக்கென்று அசையும். சுமார் 9 மில்லி விநாடியில் துடிப்பு காரை எலும்புக்கு மேலுள்ள எலக்ட்ரோடைக் கடக்கும்; சுமார் 20இல் பெருமூளையின் மேற்பரப்பான புறணியில் பதிவாகும். அலை மிகச் சிறியது என்பதால் நூற்றுக்கணக்கான துடிப்புகளின் சராசரியை எடுக்கிறார்கள். மூளைச்சாவில் காரை எலும்பருகே அலை தெரியும். இரு பக்கப் புறணியிலும் தெரியாது. துடிப்பு கிளம்பியது, ஆனால் போய்ச் சேரவில்லை என்பதற்கு ஒரே பதிவிலேயே சாட்சி இருக்கிறது. மயக்க மருந்துகளும் இதை அவ்வளவாகக் குலைப்பதில்லை.

கழுத்துத் தண்டுவடம் அறுபட்டிருந்தால் கதை வேறு: துடிப்பு மூளையை எட்டும் முன்பே நின்றுவிடும். இதயம் நின்று மீண்ட பின் கோமாவில் கிடப்பவரிடம் புறணி அலை மறைந்து, மூளைத்தண்டு மட்டும் பிழைத்திருப்பதும் உண்டு. ஆகவே காதில் 'டிக்' ஒலி கொடுத்து மூளைத்தண்டின் அலைகளையும் பார்ப்பார்கள். செவி நரம்பின் முதல் அலை வந்து, பின்னவை வராவிட்டால் அது சான்று. முதல் அலையே வராவிட்டால் காது கேளாதவராகவும் இருக்கலாம்; அந்தப் பதிவைக் கணக்கில் கொள்வதில்லை.