சிரமதானத்துக்கு மறுநாள்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே ஏறக்குறைய 6 கிலோமீற்றர் போனால் இணுவில் வரும். செம்மண் தோட்டங்களும் கோயில்களும் நெருங்கிய இந்த ஊரில் ஓடும் ஆறு கிடையாது. இணுவில் அடங்கிய வலிகாமப் பகுதிக்கென்று இருக்கும் வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். ஆண்டுக்கு 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிகுதி ஒன்பது மாதமும் வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும் நிலத்துக்கடியில் தங்கிய அந்த மழையைத்தான் தருகின்றன. அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் நிற்கும் நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. இதை மறுபக்கமாகப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: மேலே ஓர் அடி குறைந்தால், நாளடைவில் கீழிருந்து உவர் 40 அடி ஏறும்.

முன்னோர் இந்தக் கணக்கைப் படித்திருக்கவில்லை. ஆனாலும் பள்ளம் கண்ட இடமெல்லாம் குளம் தோண்டினார்கள், கோயிலோடு கேணி கட்டினார்கள், மாட்டுக்குத் தண்ணீர்த்தொட்டியும் ஆவுரஞ்சிக்கல்லும் வைத்தார்கள். குடாநாட்டில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலானவை மிகச் சிறியவை. வன்னிக் குளங்களைப் போல வயலுக்கு நீர் பாய்ச்சுவது இவற்றின் முதல் வேலை அன்று. ஓடிக் கடலில் சேரவிருந்த வெள்ளத்தை ஒரு கிழமை, ஒரு மாதம் மறித்து நிலத்துக்குள் இறக்கிவிடுவதே இவற்றின் பெரிய பயன். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பிறகு அந்த எல்லை போயிற்று. குளமோ தூர்ந்தது. அதற்கு வெள்ளம் கொண்டுவந்த வாய்க்கால் மதிலுக்கும் வீதிக்கும் அடியில் மறைந்தது.

அதனால்தான் சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் மண்வெட்டியோடு குளத்தில் இறங்குவதை நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அரசாங்கத்தின் கை எட்டாத காலங்களிலும் ஊரைத் தாங்கி நின்றவை இந்தச் சிறு அமைப்புகள்தாம். ஆனால் அவற்றின் உண்மையான பலத்தை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பதே என் வாதம். ஒருநாள் சிரமதானத்தில் நூறு பேர் அள்ளும் மண்ணை ஓர் இயந்திரம் அரை நாளில் அள்ளிவிடும். அடுத்த மாரியில் வாய்க்காலை யார் அடைத்தார்கள், எந்த வளவின் கழிவுநீர் குளத்துக்குள் திரும்பியது, இரவோடிரவாகக் குப்பை கொட்டிப்போனது எந்த வண்டி என்று பார்க்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. திணைக்கள உத்தியோகத்தர் ஒருவருக்கு எத்தனையோ ஊர்கள். குளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கோ அது தினமும் கண்ணில் படும் இடம்.

இப்படித் தொடர்ந்து காத்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. கோயம்புத்தூரில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017 முதல் ஞாயிறுதோறும் கூடிக் குளக்கரைகளில் வேலை செய்தார்கள். அவர்களுடைய வெற்றிக்கு அந்த ‘தோறும்’ முக்கிய காரணம். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. அதற்கு மண் அள்ளவோ மரம் நடவோ தேவைப்படவில்லை. ஊரே கூடி ஒரு கட்டுப்பாட்டை விடாமல் காத்தார்கள். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாமே கண்காணித்து நெடுங்காலம் காக்க முடியும் என்று 1990இல் நூல் எழுதிய எலினோர் ஒஸ்ற்றத்துக்கு 2009இல் பொருளியல் நோபல் கிடைத்தது. அவர் ஆராய்ந்த நீர்ப்பாசனச் சமூகங்களிலும் மேய்ச்சல் ஊர்களிலும் பல, இணுவிலைப் போன்ற சிற்றிடங்களே.

தாளையடியில் 2024 ஓகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தாயிற்று, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தர வல்லது, இனிக் குளம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குழாய்நீர் குடிநீர்க் கவலையைத் தணிக்கும், அதை வரவேற்க வேண்டும். வெங்காயத்துக்கும் வாழைக்கும் அந்த நீர் வராது. தோட்டக்காரர் இறைத்தபடியே இருப்பார், நிலத்தடியில் நன்னீர் மெலிந்தபடியே இருக்கும். கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்தாத நாள் வந்தால் அதன் சுத்தத்தைப் பற்றிய அக்கறையும் குறைந்துவிடும் என்று நான் அஞ்சுகிறேன்.

தொண்டர்களால் கெடுதியும் நேரலாம் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். சுண்ணாம்புக்கல்லில் நீர் வேகமாக இறங்கும். அதனோடு அழுக்கும் இறங்கும். வலிகாமக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நைத்திரேற்று இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணங்கள். குளத்தடியின் களிப்படையைக் கல் தெரியும்வரை தோண்டி எடுத்தால், வீதி வெள்ளம் கொண்டுவரும் எண்ணெயும் கழிவும் வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போகும். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் காசில் குளத்தைச் சுற்றியும் அடியிலும் சீமெந்து பூசினால் நீர் நிற்கும், கீழே இறங்காது. ஆகவே தோண்டும் ஆழத்தை ஊர்ச்சபை தனியே தீர்மானிக்கக் கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியலாளரும் நீர்வளச் சபையும் அதைச் சொல்லட்டும், காவலை ஊர் ஏற்கட்டும்.

இன்னொரு கேள்வியை நம்மவர் பேசத் தயங்குகிறோம். ‘ஊர்’ என்றால் யார்? இதே குடாநாட்டில் சாதியின் பெயரால் கிணற்றில் அள்ளவும் கேணியில் இறங்கவும் மனிதர்கள் தடுக்கப்பட்டார்கள். அதைக் குற்றமாக்க 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் தேவைப்பட்டது. ஊர்மக்களிடம் நீரை ஒப்படைப்பது சில குடும்பங்களிடம் ஒப்படைப்பதாக முடியலாம் என்ற அச்சம் வரலாற்றிலிருந்து வருகிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒரு குறிச்சியின் மலக்குழி மறு குறிச்சியின் கிணற்றில் தெரியும். எனவே குளத்தைக் காக்கும் குழுவில் எல்லாக் குறிச்சியாரும், கூலிக்கு இறைப்போரும், கிணற்றடியில் அதிக நேரம் நிற்கும் பெண்களும் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் இல்லாத குழுவுக்குப் பிரதேச சபை அங்கீகாரம் கொடுக்கக் கூடாது.

இவையெல்லாம் அரசின் கடமை அல்லவா என்றால், ஆம், கடமைதான். இலங்கை அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை இயற்கையைக் காப்பதை ஒவ்வொருவருடைய கடமையாகவும் சொல்கிறது. அயலூரான சுன்னாகத்தில் நடந்தது இரண்டும் எப்படிச் சேரும் என்பதைக் காட்டியது. அங்கிருந்த மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் தெரிந்ததாக முதலில் முறையிட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். 2015இல் சூழலியல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. அந்தப் பிணக்கு நீடித்த காலத்தில் பரிசோதனை முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எதைக் குடிப்பது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். முந்தைய ஆண்டுகளில் அந்தக் கிணறுகள் எப்படி இருந்தன என்ற தொடர்ச்சியான பதிவு கையில் இருந்திருந்தால் வாதம் வேறு விதமாகப் போயிருக்கும்.

இணுவிலின் சனசமூக நிலையங்கள் இந்த மாரிக்கு முன்பே தொடங்கக்கூடிய வேலை அந்தப் பதிவுதான். குறிச்சிக்கு இரண்டு மூன்று கிணறுகளைத் தெரிவு செய்து, மாதம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, சிறு கருவியால் உவர்த்தன்மை பார்த்து, கொப்பியில் திகதியோடு எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டலாம். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் போதும். நைத்திரேற்றை ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், ஆய்வுகூடத்தில் பார்க்கலாம். புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் மதில் கட்ட அனுப்பும் தொகையில் சிறு பங்கு அதற்குப் போதும். ஐந்தாறு மாரி கடந்தால், எந்தக் குளத்தைத் திருத்திய பிறகு எந்தக் கிணற்றில் உவர் குறைந்தது, எங்கே குறையவில்லை என்று அந்தக் கொப்பியைக் கொண்டே பிரதேச சபையிடம் பேசலாம்.