சென்று வந்த நாடுகள் எத்தனை? கணக்கு வைக்கும் முறை

சென்று வந்த நாடுகளை எண்ணி வைக்கும் பழக்கம் பயணிகளிடையே பரவலாக உண்டு. சிலர் சுவரில் மாட்டிய வரைபடத்தில் குண்டூசி குத்துவார்கள். சிலர் கைபேசிச் செயலியில் நாடுகளுக்கு வண்ணம் இடுவார்கள். சிலருக்குப் பழைய பாஸ்போர்ட்டே கணக்குப் புத்தகம். எந்த வழியில் எண்ணினாலும் இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை வேண்டும். நாடு என்று எதைக் கொள்வது? போய் வந்தது என்று எதைக் கொள்வது? இவை முடிவாகாதவரை, நாற்பது நாடு பார்த்த இருவரின் கணக்கை ஒப்பிடவே முடியாது.

நாடு எது?

1933-ல் உருகுவேயின் தலைநகரான மான்டெவிடியோவில் கையெழுத்தான ஒப்பந்தம் நாட்டுக்கு நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். நடைமுறையில் மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்கின்றனவா என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஐக்கிய நாடுகள் சபையில் 193 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. கடைசியாக 2011-ல் சேர்ந்தது தெற்கு சூடான். வாடிகனும் பாலஸ்தீனமும் பார்வையாளர் நிலையில் உள்ளவை. இரண்டையும் சேர்த்தால் 195.

இதற்கு வெளியேயும் சிக்கல் உண்டு. தைவானுக்குத் தனி அரசாங்கம், தனி நாணயம், தனி பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. ஆனால் 1971-ல் ஐ.நா. இருக்கை பெய்ஜிங் அரசுக்குப் போய்விட்டது. 2008-ல் சுதந்திரம் அறிவித்த கொசோவோவை அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் ஏற்கின்றன, இந்தியா ஏற்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து 197 என்று கணக்கிடும் பயணிகள் பலர்.

செயலிகள் பல, நாடுகளுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. அதில் 249 பெயர்கள் உள்ளன. ஹாங்காங், கிரீன்லாந்து போன்ற பகுதிகளுக்கும், எந்த நாடும் அல்லாத அண்டார்டிகாவுக்கும், ஆளே குடியிராத சில தீவுகளுக்கும்கூடத் தனிக் குறியீடு உண்டு. இருபது நாடு பார்த்தவருக்கு ஒரு செயலி உலகில் 10 சதவீதம் என்றும் இன்னொன்று 8 சதவீதம் என்றும் காட்டுவதற்குக் காரணம், வகுக்கும் எண் 193-ஆ 249-ஆ என்ற வேறுபாடுதான்.

பயணிகளின் சங்கங்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கின்றன. நூறு நாடு பார்த்தவர்களுக்காக 1954-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டிராவலர்ஸ் செஞ்சுரி கிளப்பின் பட்டியலில் 330 இடங்கள் உள்ளன. தாய்நாட்டிலிருந்து கடலாலோ ஆட்சி முறையாலோ விலகி நிற்கும் பகுதிகளை அது தனியாக எண்ணுகிறது. அலாஸ்கா ஒன்று, ஹவாய் ஒன்று. நம் அந்தமான் நிக்கோபார் ஒன்று, லட்சத்தீவு ஒன்று. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களும் அதில் ஏழு இடங்கள். துபாயில் வேலை பார்த்து, சார்ஜாவில் தங்கி, அபுதாபியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு அந்தப் பட்டியலில் மூன்று இடம் கிடைக்கும், ஐ.நா. பட்டியலில் ஒன்றுதான். 2005-ல் வந்த மோஸ்ட் டிராவல்டு பீப்பிள், பிறகு வந்த நோமாட்மேனியா ஆகிய அமைப்புகள் பெரிய நாடுகளை மாநிலம் மாநிலமாகப் பிரித்து, உலகத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கியுள்ளன.

போய் வந்தது எப்போது?

இதிலும் ஒரே விதி இல்லை. விமானம் எரிபொருள் நிரப்ப இறங்கினாலே போதும் என்பது செஞ்சுரி கிளப்பின் கணக்கு. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் டென்மார்க்கைச் சேர்ந்த தோர் பெடர்சன். 2013 அக்டோபரில் கிளம்பிய அவர், விமானமே ஏறாமல் 203 நாடுகளுக்குப் போய், 2023 மே மாதம் மாலத்தீவில் பயணத்தை முடித்தார். ஒவ்வொரு நாட்டிலும் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. கொரோனாவின்போது ஹாங்காங்கில் மட்டும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பெரும்பாலானோர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இமிகிரேஷன் கடந்து விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்தால்தான் கணக்கு என்பது அவர்கள் விதி. சென்னையிலிருந்து லண்டன் போகும் வழியில் தோஹாவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கத்தார் சேராது. ஆனால் இந்த விதியும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. ரோமிலிருந்து புனித பீட்டர் சதுக்கத்துக்குள் நடந்து போகிறவரிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. அவர் வாடிகனுக்குள் வந்துவிட்டார்.

கொரியாவின் பான்முன்ஜோமில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே எல்லைக்கோட்டின் மீதே நீல நிறக் கூடங்கள் நிற்கின்றன. பேச்சுவார்த்தை மேசையின் நடுவே கோடு செல்கிறது. அனுமதி உள்ள காலங்களில் தென் கொரியாவிலிருந்து அழைத்து வரப்படும் பார்வையாளர்கள் மேசையைச் சுற்றி மறுபுறம் போய் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சில நிமிடங்கள் அவர்கள் நிற்பது வட கொரியப் பக்கம். வந்த கதவு வழியாகவே திரும்புவார்கள்; முத்திரை எதுவும் கிடையாது. இதை வட கொரியப் பயணமாக எண்ணுபவர்களும் உண்டு, எண்ண மறுப்பவர்களும் உண்டு.

ஒரே எண்ணுக்குப் பதிலாக வகை பிரித்து எழுதினால் இந்த வழக்கு தீர்ந்துவிடும். வசித்தவை, இரவு தங்கியவை, பகலில் பார்த்துத் திரும்பியவை, விமான நிலையத்தோடு நின்றவை என்று நான்கு வகை போதும்.

நாடுகளே மாறும்போது

1980-களில் மாஸ்கோ, கீவ், தாஷ்கண்ட் மூன்றையும் பார்த்தவர் போனது சோவியத் ஒன்றியம் என்ற ஒரே நாட்டுக்கு. 1991-க்குப் பிறகு அவை ரஷ்யா, உக்ரைன், உஸ்பெகிஸ்தான். கிழக்கு ஜெர்மனியையும் மேற்கு ஜெர்மனியையும் தனித்தனியே பார்த்தவருக்கு 1990 அக்டோபர் 3 அன்று இரண்டு ஒன்றானது. தமிழ்க் குடும்பங்களின் பயணங்களிலும் இது உண்டு. 1937 ஏப்ரல் வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதற்கு முன் ரங்கூனுக்குக் கப்பலேறியவர் இந்தியாவுக்குள்ளேயே போனவர். 1964-ல் கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் பார்த்தவர் மலேசியாவை மட்டும் பார்த்தவர். 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்தது.

போன அன்றைக்கு இருந்த நாட்டை எழுதுவது ஒரு வழக்கம். இன்றைய எல்லைப்படி திருத்திக்கொள்வது இன்னொரு வழக்கம். நாட்டின் பெயரோடு ஊரின் பெயரும் தேதியும் இருந்தால் எந்த வழக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். வெறும் 'சூடான், 2010' என்ற குறிப்பைக் கொண்டு இன்று ஒன்றும் சொல்ல முடியாது. 'ஜூபா' என்று இருந்தால் அது இன்றைய தெற்கு சூடான் என்பது தெரியும்.

முத்திரை இல்லாத பாஸ்போர்ட்

பாஸ்போர்ட்டில் விழும் முத்திரையே எல்லாவற்றுக்கும் சாட்சி என்றிருந்த காலம் முடிந்து வருகிறது. ஹாங்காங் 2013-ல் முத்திரையை விட்டுவிட்டு ஒரு சிறு சீட்டு தரத் தொடங்கியது. சிங்கப்பூரில் வருகை அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபரில் மின்னணுப் பதிவு முறையைத் தொடங்கின. அங்கும் முத்திரைக்குப் பதில் விரல் ரேகையும் முகப்படமும் பதிவாகின்றன.

முத்திரை இருந்த காலத்திலும் அது முழுச் சாட்சியாக இருந்ததில்லை. ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் உள்ளன. பாரீசில் இறங்கி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா வழியாக ரோம் போய் விமானம் ஏறினால் பாஸ்போர்ட்டில் தெரிவது பிரான்சும் இத்தாலியும்தான். இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது பழையதை ரத்து செய்து திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது நல்லது.

அரசுகள் கேட்கும் கணக்கு

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. அமெரிக்க விசா விண்ணப்பம் கடந்த ஐந்து ஆண்டுகளில் போன நாடுகளைக் கேட்கிறது. பிரிட்டனின் விண்ணப்பம் பத்து ஆண்டுகளை. கனடாவில் குடியுரிமை கோருபவர் ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஷெங்கன் விசாவில் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் இதில் சேரும். இந்திய வருமான வரிச் சட்டத்தில் 182 நாள் கணக்கு ஒருவர் இங்கே வசிப்பவரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகளில் ஒன்று. இந்த இடங்களில் எல்லாம் நாடுகளின் எண்ணிக்கை உதவாது, தேதிதான் வேண்டும்.

எழுதி வைக்கும் முறை

ஒரு நோட்டுப் புத்தகமோ கணினி அட்டவணையோ போதும். நாடு, ஊர், நுழைந்த தேதி, வெளியேறிய தேதி, நுழைந்த வழி, பயண நோக்கம், அப்போதைய பாஸ்போர்ட் எண், மேலே சொன்ன நான்கில் எந்த வகை என எட்டுக் கட்டங்கள் இட்டுக்கொள்ளலாம். சென்னையில் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பும் விமானம் மறுநாள்தான் போய்ச் சேரும். அதனால் டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டுத் தேதியை விட்டுவிட்டு, போய் இறங்கிய நாட்டின் தேதியை எழுத வேண்டும்.

பழைய பயணங்களை மீட்டெடுக்கவும் வழி உண்டு. மின்னஞ்சலில் கிடக்கும் டிக்கெட்டுகள், வங்கி அட்டைக் கணக்கு, கைபேசிப் படங்களோடு பதிவாகியிருக்கும் தேதியும் இடமும் துணைக்கு வரும். எல்லாவற்றையும் ஒரு செயலியிடம் ஒப்படைத்துவிடுவது ஆபத்து. செயலி நின்றுபோனால் கணக்கும் போய்விடும். தகவலை அட்டவணையாக வெளியே எடுக்க வழி தரும் செயலியே நல்லது.

வரைபடத்தில் குறிக்கும்போது

வண்ணம் இடும் வரைபடங்கள் பெரும்பாலும் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் 1569-ல் அமைத்த முறையைச் சார்ந்தவை. கடலோடிகளுக்காகச் செய்த அந்த அமைப்பில் துருவத்தை ஒட்டிய நிலங்கள் பெருத்துத் தெரியும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் பதினான்கு மடங்கு பெரியது. மாஸ்கோவில் இரண்டு நாள் இருந்தவரின் வரைபடத்தில் பசிபிக் கரைவரை வண்ணம் ஏறிவிடுகிறது. ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவ்ருவில் ஒரு மாதம் தங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. நாட்டுக்கு வண்ணம் இடுவதைவிடப் போன ஊர்களைப் புள்ளியாகக் குறிப்பது உண்மைக்கு நெருக்கமானது. அட்டவணையில் ஊர்ப் பெயர் இருந்தால் அந்தப் புள்ளிகளை எப்போது வேண்டுமானாலும், எந்த வரைபடத்திலும் இட்டுக்கொள்ளலாம்.