கூம்பு விழியும் வளையச் சிகிச்சையும்

நன்றாகப் படித்து வந்த பையன் பதினைந்து, பதினாறு வயதில் திடீரெனப் பின்தங்குகிறான். ஆண்டுக்கு இரண்டு முறை கண்ணாடி மாற்றியும், எழுத்துகள் நிழல் தட்டுகின்றன என்கிறான். வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி. அத்தகைய கண்களைச் சோதித்தால், சில வேளைகளில் கெராட்டோகோனஸ் என்னும் கூம்பு விழி நோய் தென்படும்.

கைக்கடிகாரத்தின் முகத்தை மூடியிருக்கும் கண்ணாடியைப் போல, கருவிழியின் முன்னே தெளிந்த படலம் ஒன்று உண்டு. அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவுதான். இந்நோயில் அது மெலிந்து, கூம்பு போல முன்தள்ளுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளையரைவிட ஆசிய வம்சாவளியினரிடையே இந்நோய் நான்கு மடங்குக்கு மேல் காணப்பட்டது. ஆகவே சுங்கை பூலோவில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம் இதனை அறிந்திருப்பது அவசியமாகிறது.

வளையம் என்றதும் மோதிரத்தைப் போல எண்ண வேண்டாம். அது பிறை வடிவான சிறு பிளாஸ்டிக் துண்டு. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து, படலத்தின் ஓரத்தில் மெல்லிய வழி அமைத்து, ஒன்றோ இரண்டோ துண்டுகளைச் செருகுவார்கள். தொய்ந்த கூடாரத் துணியின் ஓரத்தில் கழியைச் செருகினால் நடுப்பகுதி இழுபட்டுத் தட்டையாகும் அல்லவா? அதே தத்துவம்தான். முதலில் இலேசான கிட்டப்பார்வைக்கென்று உருவான இவ்வளையத்தை, பிரான்சு நாட்டு மருத்துவர் ஜோசப் கோலின் 1997இல் கூம்பு விழிக்குப் பயன்படுத்தினார்.

பலன் என்ன? இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். "வளையம் வைத்தாயிற்று, இனிக் கண்ணாடி வேண்டாம்" என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலோருக்குப் பார்வை முன்னேறுவது உண்மையே. ஆனால் கண்ணாடியோ காண்டாக்ட் லென்ஸோ பெரும்பாலும் தேவைப்படும். முன்பு பயன்படாத கண்ணாடி இப்போது பயன்படுகிறது. கண்ணில் நில்லாத லென்ஸ் நிற்கிறது. இதுவே வெற்றி. சிலருக்கு மாற்றமே தெரியாது. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம், கிருமி தொற்றலாம், வளையம் வெளியே தள்ளப்படலாம். அப்படியானால் அதனை எடுத்துவிட முடியும்.

2004இல் அமெரிக்க அரசு அனுமதித்தபோதும் அளவோடுதான் அனுமதித்தது: வயது 21 நிறைந்திருக்க வேண்டும், படலத்தின் நடுவில் தழும்பு இருக்கக் கூடாது, கண்ணாடியும் லென்ஸும் போதாமற்போயிருக்க வேண்டும். படலம் மாற்றும் அறுவையைத் தள்ளிப்போடுவதே நோக்கம்.

இன்னொன்று. வளையம் வடிவத்தைத் திருத்துமே தவிர, நோயை நிறுத்தாது. நோய் முற்றாமல் தடுக்க, ரிபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சும் வேறு சிகிச்சை உண்டு. அதைக் காலத்தோடு செய்தால் வளையமே தேவைப்படாமல் போகலாம். எனவே கண்ணாடி எண் அடிக்கடி மாறும் பிள்ளையைக் கடையோடு நிறுத்திவிடாமல், அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, சுங்கை பூலோ மருத்துவமனை போன்ற இடங்களில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை கண்ணை ஓயாமல் கசக்குகிறதா என்பதையும் சொல்லுங்கள். கசக்கக் கசக்க நோய் முற்றும். அரிப்புக்கு மருந்து இருக்கிறது.