விண்ணப்ப வீடியோ: அனுப்புமுன் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

"உங்களைப் பற்றி ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள்." வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பிக்கும் இலங்கை மலையகத்து டிக்கோயா, ஹட்டன் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டால் அதிலேயே தவறில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010இலேயே யூடியூப் வீடியோக்களை ஏற்றது. விரும்பியவர்கள் மட்டும் அனுப்பினார்கள். நம் அரச பல்கலைக்கழகங்களில் வழமையான அனுமதி உயர்தர இஸட் புள்ளியில்தான். வீடியோ வாங்கிக்கொண்டு "அனுமதி எடுத்துத் தருகிறேன்" என்பவரை நம்பாதீர்கள்.

வீடியோ யார் கைக்குப் போகிறது என்பதில்தான் ஆபத்து. குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்களைப் படத்தோடு இன்ஸ்டகிராமிலும் செயலிகளிலும் விற்பனைக்குப் போட்டிருந்ததை 2019இல் பிபிசி அரபுச் சேவை அம்பலப்படுத்தியது. தோட்டத்திலிருந்து வளைகுடா போக நினைக்கும் பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அனுப்புமுன்

• வெளிநாட்டு வேலையென்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள்.

• அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வீட்டு விலாசம், பிள்ளைகள் எதுவும் வீடியோவில் தெரிய வேண்டாம். உடலைக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

• யூடியூபில் 'பப்ளிக்' என்று போடாதீர்கள். 'அன்லிஸ்டட்' வீடியோவை லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். 'பிரைவட்' என்றால் நீங்கள் அழைத்தவர் மட்டுமே. முடிவு தெரிந்ததும் நீக்கிவிடுங்கள்.

• வட்ஸ்அப்பில் அனுப்பியதை எதிரிலிருப்பவர் சேமித்துவிட்டால், அந்தப் பிரதியை உங்களால் அழிக்க முடியாது.

• யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார், கணினி மதிப்பிடுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கோரவும் உரிமை தருகிறது. ஆனால் அது கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருகிறது. ஆகவே முன்னெச்சரிக்கையைக் கைவிட முடியாது. கணினி மதிப்பீட்டுக்கென்றே சட்டம் உள்ள இடமும் உண்டு: அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், செயற்கை நுண்ணறிவால் நேர்முக வீடியோவை மதிப்பிடும் நிறுவனம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்; விண்ணப்பதாரர் கேட்டால் 30 நாளில் அழிக்க வேண்டும்.

தவறாகப் பயன்படுத்தினால்

மிரட்டுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்காமல், லிங்க், திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தத் தளத்திலேயே முறையிட்டு, இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்திலும் பொலிஸிலும் அறிவியுங்கள். முகவர் சம்பந்தப்பட்டால் பணியகத்துக்கும், சிறுவர் என்றால் 1929க்கும், பெண்கள் என்றால் 1938க்கும் அழைக்கலாம்.

நேர்மையான நிறுவனம் மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரும். பதில் தராமல் "இன்றைக்கே அனுப்பு" என்று அவசரப்படுத்துபவருக்கு வீடியோ கொடுக்காதீர்கள்.