அரிய பாடலும் அதன் சான்றும்: கிரேட்ஃபுல் டெட் இரசிகர்களின் ஒலிநாடாத் தேடல்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் மேடைகளில் அரிதாகப் பாடிய பிறர் பாடல்களை அக்குழுவின் இரசிகர்கள் தேடித் தொகுத்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு பாடல் அரியது என்னும் முடிபு எத்தகைய சான்றுகளின்மேல் நிற்கிறது என்பதும், அச்சான்றுகளின் எல்லை யாது என்பதும் இதன் ஆய்வுப்பொருளாகும்.

திறவுச்சொற்கள்: ராக் இசை, பிறர் பாடல், ஒலிநாடா, பாடல்வரிசை, காலக்கணிப்பு.

முன்னுரை

கலிபோர்னியா மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரில் 1965இல் தோன்றிய கிரேட்ஃபுல் டெட், கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் மறைந்தபின் கலைந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 2,300க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை அது நடத்தியது. ராக் குழுக்கள் பலவும் ஒரு சுற்றுப்பயணம் முழுவதிலும் ஏறத்தாழ ஒரே பாடல்வரிசையைப் பின்பற்ற, இக்குழுவோ இரவுக்கு இரவு வரிசையை மாற்றியது. அடுத்து என்ன பாடல் வரும் என்பது அவையோருக்குத் தெரியாது. பல வேளைகளில் மேடையில் இருந்தோரும் அதை அங்கேயேதான் முடிவு செய்தனர்.

பிறருடைய பாடலைத் தம் போக்கில் பாடுவதை ராக் உலகில் 'கவர்' என்பர். இக்கட்டுரையில் அது 'பிறர் பாடல்' எனப்படுகிறது. பிறர் பாடல்கள் எல்லாம் அரியன அல்ல. இக்குழு மேடையில் மிகுதியாகப் பாடிய பாடலே பிறர் பாடல்தான்: ஜான் பிலிப்ஸ் இயற்றிய 'மீ அண்ட் மை அங்கிள்' 600 முறைக்கு மேல் பாடப்பட்டுள்ளது. பாப் டிலனின் 'விஷன்ஸ் ஆஃப் ஜோஹானா' இதற்கு நேர்மாறானது. 1986இல் இருமுறை பாடப்பட்ட அது, ஒன்பது ஆண்டுகள் கழித்து 1995இல்தான் மீண்டும் மேடையேறியது. குழு இயங்கிய காலத்தில் வெளிவந்த அதன் இசைத்தட்டு எதிலும் இப்பாடல் இல்லை. எனவே அதைக் கேட்க விரும்பியவர்க்கு அரங்கில் யாரோ பதிவு செய்த ஒலிநாடாவே வழியாக இருந்தது.

அருமையை அறியும் வழி

ஒரு பாடல் அரியது என்பதை அப்பாடலைக் கேட்டு அறிய இயலாது. அது பாடப்படாத ஏனைய இரவுகளின் விவரமும் தெரிந்தால்தான் அருமை புலப்படும். ஆகவே ஓர் அரிய பாடலைத் தேடிப் புறப்பட்ட இரசிகர்கள், குழு பாடிய அனைத்தையும் பட்டியலிடும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒலிநாடாப் பரிமாற்றம் அமைப்பு வடிவம் பெற்றது. 1974இல் 'டெட் ரெலிக்ஸ்' என்னும் இதழ் இப்பரிமாற்றத்திலிருந்தே பிறந்தது. 1987இல் வெளிவந்த 'டெட்பேஸ்' என்னும் நூல், நாள்தோறும் பாடப்பட்ட பாடல்களின் வரிசையை அச்சிலேற்றியது. எந்தப் பாடல் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் பாடப்பட்டது என்பதை அதன்பின் எவரும் எண்ணிப் பார்க்க முடிந்தது.

இப்பரிமாற்றத்தில் பணம் கைமாறுவது இழுக்காகக் கருதப்பட்டது. பதிவு வேண்டுவோர் வெற்று நாடாக்களையும் திரும்ப அனுப்புவதற்கான அஞ்சல் தலைகளையும் அனுப்பினால் போதும். குழுவும் இதைத் தடுக்கவில்லை. ஒலிவாங்கிக் கம்பங்கள் அரங்கில் பெருகிப் பார்வையை மறைக்கவே, 1984 அக்டோபரில் பெர்க்லி நகர அரங்கில் பதிவு செய்வோர்க்கெனத் தனி இருக்கைப் பகுதியே ஒதுக்கப்பட்டது. சட்டத்துக்குப் புறம்பான நகல் என்று பிற குழுக்கள் எதிர்த்த ஒன்று, இங்கே ஏற்கப்பட்ட வழக்கமாயிற்று.

படிகளும் பிழைகளும்

ஏடு பெயர்த்தெழுதுந்தோறும் பிழை சேர்வதைச் சுவடிப் பதிப்பாளர் அறிவர். காந்த நாடாவுக்கும் அது பொருந்தும். நகலின் நகலில் இரைச்சல் ஏறும். ஓடும் வேகம் சற்று மாறினாலும் சுருதி பிறழும். 90 நிமிட நாடாவின் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் முடியும். மறுபக்கம் திருப்புவதற்குள் பாடலின் ஒரு பகுதி போய்விடும். அவ்விடைவெளியை வேறொருவர் பதிவிலிருந்து எடுத்து ஒட்டியவரும் உண்டு. எனவே மூலப்படியிலிருந்து எத்தனையாவது நகல் என்பதை நாடா உறையில் குறிப்பது மரபாயிற்று.

ஆனால் உறையில் எழுதிய நாள் பிழையாக இருக்கலாம். அரிய பாடலைப் பொறுத்தவரை இதுவே பெருஞ்சிக்கல். ஒரே நிகழ்ச்சி இரு வேறு தேதிகளோடு உலவினால், ஒருமுறை பாடிய பாடல் இருமுறை பாடியதாகக் கணக்கில் ஏறிவிடும்.

இங்கே இரசிகர்கள் கையாண்ட அகச்சான்று முறை கூர்ந்து நோக்கத்தக்கது. குழுவின் உறுப்பினர் மாற்றங்களே அவர்களுக்குக் கால அளவுகோலாயின. முரசுக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் விலகி 1974 அக்டோபரில் மேடைக்குத் திரும்பினார். ஆகவே ஒற்றை முரசு மட்டும் கேட்கும் பதிவு, குழுவின் தொடக்ககாலத்தை விடுத்தால், இவ்விடைக்காலத்தைச் சேர்ந்ததாகும். டோனா காட்சோவின் பெண்குரல் 1972க்கும் 1979க்கும் இடைப்பட்டது. 'பிக்பென்' எனப்பட்ட ரான் மெக்கெர்னன் 1972 ஜூனுக்குப்பின் குழுவோடு பாடவில்லை. பிரென்ட் மிட்லண்ட் 1979 ஏப்ரல் முதல் 1990 ஜூலையில் மறையும்வரை விசைப்பலகை வாசித்தார்.

பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' இம்முறைக்குத் தக்க எடுத்துக்காட்டு. 1969 பிப்ரவரி 11 அன்று நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அதைப் பாடியவர் பிக்பென். 1980களில் இதன் இறுதிப் பல்லவி மட்டும் வேறொரு பாடலின் வாலாக மிட்லண்ட் காலத்தில் மீண்டது. 1975 என்று உறையில் எழுதிய நாடா ஒன்றில் பிக்பென் குரல் ஒலித்தால், குரலை நம்பி உறையை ஒதுக்க வேண்டும். அந்த வாலை 'ஹே ஜூட்' பாடியதாகக் கணக்கிடுவதா என்பது தனி வினா. பல்லவியை மட்டும் பாடுவதும், இசைக்கருவியில் மெட்டைத் தொட்டுக்காட்டி விலகுவதும் முழுப்பாடல் ஆகா. இவற்றைப் பிரிக்காத பட்டியல் அருமையைக் குறைத்துக் காட்டும்.

சான்றின் எல்லை

கணினி வழிப் பரிமாற்றம் வந்தபின் பதிவின் வழிவரலாற்றை உரைக்கோப்பாக இணைப்பது நெறியாயிற்று. எனினும் பதிவுகளின்மீது இரசிகர்க்கு உரிமை இல்லை என்பது 2005இல் வெளிப்பட்டது. குழுவினர் வேண்டுகோளால் இன்டர்நெட் ஆர்க்கைவ் அப்பதிவுகளின் தரவிறக்கத்தை நிறுத்தியது. எதிர்ப்பு எழுந்தபின் அவையோர் பதிவுகளை மீண்டும் தரவிறக்க இசைந்தனர். அரங்க ஒலிக்கருவியிலிருந்து நேரே எடுத்தவற்றைக் கேட்க மட்டுமே முடிந்தது.

'ஒரே முறை பாடியது' என்று பட்டியல்கள் கூறுவதை, 'கிடைத்த சான்றுகளில் ஒரே முறை காணப்படுவது' என்றே கொள்ளவேண்டும். 1980களுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அக்காலப் பதிவுகள் அத்துணை நிறைவானவை. 1965க்கோ இது பொருந்தாது. 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் மென்லோ பார்க் நகரப் பிட்சாக் கடையிலும் பின் பெல்மாண்ட் நகர மதுக்கூடத்திலும் குழு வாசித்த மாதங்களில் பிறர் பாடல்களே மிகுதி. அந்த இரவுகளின் ஒலிப்பதிவு எதுவும் வெளிவரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் 'எமர்ஜென்சி க்ரூ' என்னும் மாற்றுப் பெயரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்த சில பாடல்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று கார்டன் லைட்ஃபூட் இயற்றிய 'அர்லி மார்னிங் ரெயின்'.