கவிதை கற்ற ஒற்றர் தலைவர்

கவிதைக்கும் உளவுக்கும் என்ன உறவு? ஃபேர்லேண்ட்ஸ் படிப்பகத்தில் தோழர் ஒருவர் கேட்ட கேள்வி இது. உறவு உண்டு, தோழர்களே! அந்த உறவு ஓர் அமைப்பையே ஆட்டிவைத்த வரலாறும் உண்டு.

ஜேம்ஸ் ஆங்கிள்டன், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர். 1939இல் நண்பரோடு சேர்ந்து 'ஃபியூரியோசோ' என்ற கவிதை இதழைத் தொடங்கினார். எஸ்ரா பவுண்டு அதில் எழுதினார்; கம்மிங்ஸ் எழுதினார். அந்தப் புதுக்கவிதை படித்தவுடன் புரிவதன்று. ஒரு சொல்லுக்குள் பல பொருள் ஒளிந்திருக்கும், துருவித்தான் எடுக்கவேண்டும். கவிதையின் பலபொருள் தன்மையை ஏழு வகையாகப் பிரித்து 1930இல் ஒரு நூலே எழுதினார், எம்ப்சன் என்ற ஆங்கிலேயர்!

உலகப் போர் வந்தது. லண்டனில் இயங்கிய அமெரிக்க எதிர் உளவுப் பிரிவில் சேர்ந்தார் ஆங்கிள்டன். அங்கே தலைவராக இருந்தவர் யார்? யேலின் இலக்கிய ஆசிரியர் நார்மன் பியர்சன்!

1954 முதல் 1974 வரை சி.ஐ.ஏ.வின் எதிர் உளவுத் தலைவர் ஆங்கிள்டன். கவிதை படித்த கண்ணால் கடிதத்தைப் படித்தார். கடிதம் படித்த கண்ணால் மனிதனைப் படித்தார்.

விளைந்தது என்ன? 1964இல் சோவியத் நாட்டை விட்டு வந்தவர் யூரி நொசென்கோ. அவர் சொன்னதற்கெல்லாம் உட்பொருள் தேடினார்கள். விசாரணை மன்றம் காணாமலே மூன்றாண்டுக்கு மேல் அடைத்துவைத்தார்கள். பிறகு அதே சி.ஐ.ஏ. அவரை உண்மையானவர் என்று ஏற்றது! சொந்த அதிகாரிகள் சிலரும் ஐயத்துக்கு இரையாகி வாழ்விழந்தனர். பின்னாளில் அரசே இழப்பீடு தந்தது.

உண்மையான ஒற்றன் எங்கே இருந்தான்? எதிர் நாற்காலியில்! வாஷிங்டனில் ஆங்கிள்டனோடு விருந்துண்ட நண்பர், பிரிட்டிஷ் அதிகாரி கிம் ஃபில்பி. சோவியத்தின் ஆள். 1963இல் மாஸ்கோவுக்கே ஓடிப்போனார்!

யேலுக்குத் தெரியாதது நம் வள்ளுவருக்குத் தெரியும். ஒற்றன் சொன்னதை வேறோர் ஒற்றனால் சரிபார். மூவர் சொல் ஒத்தால் நம்பு என்கிறார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் என்கிறார். ஆங்கிள்டன் இரண்டு பிழையும் செய்தார். ஃபில்பியை ஆராயாமல் நம்பினார். உடன் உழைத்தவர்களை ஐயுற்றார்.

தோழனே, இது அமெரிக்கக் கதை மட்டுமா? நம் கிளைகளிலும் இந்த நோய் எட்டிப் பார்க்கிறதே! அவர் ஏன் சிரித்தார், இவர் ஏன் வரவில்லை என்று துருவிக்கொண்டிருந்தால் கொடி பிடிக்க ஆள் மிஞ்சுமா? தறியில் இழை அறுந்தால் அறுந்த இடத்தில் முடிச்சிடுகிறாய், பாவையே அறுத்தெறிவதில்லை.

குற்றம் உண்டா? சான்று கேள், சபையில் கேள். சான்று இல்லையா? தோளில் கை போடு. 'நாளை வருகிறேன்' என்று தோழன் சொன்னால், நாளை வருகிறான் என்பதே பொருள். அதற்கு ஏழு பொருள் தேடாதே!