தைரியம் சொல்வதற்கு முன்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் என்னருகே உட்கார்ந்தவர், அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்திருக்கிறது என்றார். "பாக்க வர்றவங்க எல்லாம் தைரியமா இருங்கன்னு சொல்றாங்க. அவங்க போனப்புறம்தான் அம்மா அழுவுறாங்க."

அழத்தான் செய்வார்கள். இரவெல்லாம் தூங்காமல், வாந்தியில் துவண்ட உடம்பு தைரியத்துக்கு எங்கே போகும்? முதலில் வலியும் குமட்டலும் அடங்க வேண்டும், நாலு வாய் சோறு இறங்க வேண்டும். தெம்பு அதற்குப் பிறகுதான். ஆதரவு சிகிச்சை என்பது இதுதான், அதுவும் கடைசிக் காலத்துக்கு மட்டுமானதல்ல. 2010-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரைப் பற்றிய ஆய்வு வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே இந்தக் கவனிப்பும் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. இரண்டரை மாதம் போல ஆயுளும் கூடியிருந்தது.

"மார்ஃபின் பழகிடுமாமே?" என்றார். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும்போது அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

சோர்வுக்குப் படுக்கையே மருந்து என்று நினைக்கிறோம். படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து சோர்வு இன்னும் கூடும். மருத்துவர் சரியென்றால் வாசலிலிருந்து தெருமுனை வரை மெல்ல நடக்கலாம். எளிய யோகாவும் பலருக்கு உதவுகிறது.

கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் பச்சிலைச் சாறு கொடுத்தாராம். மலை மக்களின் மூலிகை அறிவின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் கீமோ மருந்துகள் பலவற்றை உடைப்பது கல்லீரல். அதன் வேலையில் இன்னொரு சாறு குறுக்கிட்டால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறலாம், இறங்கலாம். மறைக்காமல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஆஸ்பத்திரி தூரம்தான். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புக் கவனிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வர வழியுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும்.

"அப்ப அம்மாகிட்ட நான் என்னதான் பேசறது?"

"ராத்திரி தூங்குனீங்களா, எங்க வலிக்குது, எது சாப்பிடத் தோணுதுன்னு கேளுங்க. சொல்றத ஒரு நோட்டுல எழுதி, அடுத்த கீமோவுக்குப் போறப்ப டாக்டர்கிட்ட குடுங்க."